ஆரம்பநிலை முற்றிய பிறகு வரவும்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு இரத்தக் கொதிப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம். பின்னால் பதினெட்டுப் பிள்ளைகள், முன்னால் ஊர்ப்பட்ட வண்டிகள், மண்டைக்குள் எந்நேரமும் பள்ளிக்கூட மணி. நம் வேன்காரருக்கு அது வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. காலையில் ஒரு மாத்திரையை விழுங்குவார், அத்தோடு அதை மறந்துவிடுவார். பிரஷர் அடங்கினால் எல்லாம் அடங்கும் என்பது அவர் எண்ணம். அவருடைய அண்ணனும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

அண்ணன் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். ஒரு நாள் அவர் காலில் செருப்பு ஏறவில்லை. செருப்பு சுருங்கிவிட்டது என்று ஒரு வாரம் அதைத் திட்டித் தீர்த்தார். பிறகு முகமும் வீங்கியது. முகம் வீங்கியதற்குச் செருப்பைக் குறை சொல்ல முடியாதே. டாக்டரிடம் ஓடிய அன்று இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய கடையைக் கட்டிவிட்டிருந்தன. இப்போது வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிறார்.

அப்படிக் கிடந்த ஒரு நாள், பார்க்க வந்த தம்பியைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"டேய், உனக்கும் பிரஷர் இருக்குல்ல?"

"இருக்கு. அதான் மாத்திரை போடுறேனே."

"நானுந்தான் போட்டேன். சிறுநீர்ல புரதம் கசியுதான்னு பாக்க ஒரு டெஸ்ட் இருக்காம்டா. கிட்னி கெட ஆரம்பிச்சதுமே அதுல தெரிஞ்சிடுமாம். ஊசி கிடையாது, வலி கிடையாது. ஒரு டப்பாவுல பிடிச்சுக் குடுத்தாப் போதும். இங்க இருக்குற டாக்டரம்மா சொன்னாங்க." அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "பிரஷர் வந்து பத்து வருஷத்துல ஒருத்தனும் எங்கிட்ட ஒரு டப்பாவை நீட்டலடா. நீ நாளைக்கே போ."

வேன்காரர் மறுநாளே போனார்.

போன இடம் சாதாரண இடம் அல்ல. பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், 'ஆரம்பநிலைச் சிறுநீரகப் பாதிப்புக் கண்டறியும் பிரிவு' என்று இதற்கென்றே நாலு மாடிக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். பெயர் நீளமாக இருந்ததால் எல்லோரும் ஆரம்பப் பிரிவு என்றார்கள். வேன்காரர் தினமும் காலையில் பிள்ளைகளை இறக்கிவிடுவதும் ஓர் ஆரம்பப் பிரிவில்தான். அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது ஆனால் போதும். இங்கே அவ்வளவு சுலபமில்லை.

வாசலில் ஆள் உயரத்துக்குச் சிறுநீரக வடிவில் ஒரு நீரூற்று. அது அடியில் விரிசல் விட்டு, தண்ணீர் படிக்கட்டு வரை ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் 'முன்கூட்டியே கண்டறிவோம், முழுமையாகக் காப்போம்' என்று பலகை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'வேலை நேரம் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை.'

கவுன்ட்டரில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் மூன்று முத்திரைகளை உயரவாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கவுன்ட்டர்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

"என்ன அறிகுறி?" என்றார் நிமிராமல்.

"ஒண்ணும் இல்ல சார்."

"கால் வீக்கம்?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா? வாந்தி? சிறுநீர் குறையுதா?"

"எதுவும் இல்ல சார். நல்லா இருக்கேன்."

கவுன்ட்டர்க்காரர் இப்போது நிமிர்ந்தார். "அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"எங்க அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. எனக்கும் பிரஷர் இருக்கு. அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே பாத்துடலாம்னு..."

"அறிகுறி இல்லாதவங்களுக்கு இங்க டோக்கன் கிடையாது."

"வந்தவங்களுக்கு?"

"அறிகுறி வந்துட்டா அது ஆரம்பநிலையே இல்லையே. அது முற்றிய நிலைப் பிரிவு. பக்கத்துக் கட்டடம். லிஃப்ட் வசதி உண்டு."

வேன்காரர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். அவர் படிப்பு குறைவுதான் என்றாலும் கணக்கில் மோசமில்லை. "அப்ப யாருக்குத்தான் சார் இங்க டோக்கன் குடுப்பீங்க?"

"தகுதி உள்ளவங்களுக்கு" என்றார் கவுன்ட்டர்க்காரர். இதைவிடத் தெளிவாக ஒருத்தருக்குச் சொல்ல முடியாது என்பது போலப் பேனாவை மூடினார்.

ஆனாலும் வேன்காரர் நகரவில்லை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் ஏற்றும்வரை அவருக்கு நேரம் இருந்தது. நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது கவுன்ட்டர்க்காரருக்குச் சங்கடமாக இருந்ததோ என்னவோ, கடைசியில் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினார். ஏழாம் அறையில் பிரஷர் பார்த்து, இரத்தக் கொதிப்பு உள்ளவர்தான் என்று நர்ஸிடம் எழுதி வாங்கி வந்தால், சிறப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

ஏழாம் அறை நர்ஸ் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். நூற்று இருபத்தெட்டு, எண்பத்திரண்டு.

"உங்களுக்கு பிரஷர் இல்லையே."

"மாத்திரை போடுறதாலதாம்மா அப்படிக் காட்டுது."

"மெஷினுக்கு மாத்திரையெல்லாம் தெரியாது. இது உயர் இரத்த அழுத்தக்காரங்களுக்கான திட்டம். உங்க அழுத்தம் உயரமா இல்லை."

சீட்டில் 'தகுதியற்றவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேன்காரர் அதை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். கவுன்ட்டர்க்காரர் படித்துவிட்டுப் பரிவோடு ஒரு யோசனை சொன்னார். "ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திட்டு வாங்களேன். நிறையப் பேர் அப்படித்தான் வர்றாங்க."

வேன்காரர் வீட்டில் வந்து இதைச் சொன்னார். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடித்ததையெல்லாம் தரையில் போட்டாள்.

"மாத்திரையை நிறுத்து, பிரஷர் ஏத்து, பக்கவாதம் வந்து விழு, அப்புறம் கிட்னி நல்லா இருக்கான்னு பாக்கலாம்னு சொன்னானா அவன்? ஒரு நாள் நிறுத்திப் பாருங்க, உங்க காலை நானே ஒடிக்கிறேன். அப்ப ஏறும்ல பிரஷர்?"

அவள் சொன்னது கோபத்தில்தான். ஆனால் மாத்திரையை நிறுத்தாமலே பிரஷர் ஏற அதில் ஒரு வழி இருந்தது. அடுத்த நாள் வேன்காரர் மாத்திரையைப் போட்டுக்கொண்டே போனார். கவுன்ட்டர்க்காரரிடம், சீட்டைத் திருத்தித் தரும்படி கேட்டார். அவர் இரண்டாம் மாடி ஆவண அறைக்கு அனுப்பினார். ஆவண அறை நாலாம் மாடிக்கு அனுப்பியது. நாலாம் மாடியில் இருந்தவர், இது கவுன்ட்டர் வேலை அல்லவா என்று கீழே அனுப்பினார். கீழே தேநீர் இடைவேளை. மறுபடியும் ஆவண அறை. லிஃப்ட், சொன்னபடி, பக்கத்துக் கட்டடத்தில்தான் இருந்தது. மூன்றாம் முறை படியேறி இறங்கி, கவுன்ட்டர்க்காரர் "இது என்ன சீட்டு? நான் எப்பக் குடுத்தேன்?" என்று கேட்டபோது வேன்காரருக்குக் காது அடைத்தது. நேரே ஏழாம் அறைக்குள் நுழைந்து கையை நீட்டினார்.

நூற்று எழுபத்திரண்டு, நூற்று நாலு.

"வாழ்த்துகள்" என்றாள் நர்ஸ். 'தகுதியுள்ளவர்' என்று எழுதினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாருக்கும் அந்தக் கவுன்ட்டருக்குப் போய்ட்டு வந்தப்புறம்தான் ஏறுது. எங்க டைரக்டர் அதைக் கண்டறிதல் முறையின் முதல் கட்டம்னு அறிக்கையில எழுதியிருக்காரு" என்றாள்.

டோக்கன் கிடைத்தது. கூடவே ஒரு காலி டப்பாவும் நாலு பக்க விதிமுறையும் கிடைத்தன. வீட்டில் வேன்காரர் படிக்க, மனைவி கேட்டாள்.

விதி ஒன்று: காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீராக இருக்க வேண்டும். விதி இரண்டு: கழித்த ஒரு மணி நேரத்துக்குள் கவுன்ட்டரில் ஒப்படைக்க வேண்டும். விதி மூன்று: மாதிரிகள் சனிக்கிழமை பதினொரு மணிக்கு மட்டுமே பெறப்படும்.

"நீங்க எந்திரிக்கிறது நாலரை மணிக்கு" என்றாள் மனைவி.

"நானும் அதைத்தான் கவுன்ட்டர்ல சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"பத்து மணிக்கு எந்திரிங்கன்னாரு."

விதி நாலுதான் சிக்கல். டப்பாவில் இருப்பது விண்ணப்பதாரருடையதுதான் என்று பொறுப்புள்ள பதவியில் இருக்கும் ஒருவர் 'என் முன்னிலையில்' என எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். வேன்காரருக்குத் தெரிந்த பொறுப்புள்ள பதவி ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், காலி டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றார்.

தலைமை ஆசிரியை விதிமுறையை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என் முன்னிலையிலயா?"

"அப்படித்தாம்மா போட்டிருக்கு."

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல எங்கிட்ட யாரும் இப்படி ஒரு கையெழுத்துக் கேட்டதில்ல."

"எனக்கும் கேட்டுப் பழக்கமில்லம்மா."

பிறகு தலைமை ஆசிரியை பேனாவை எடுத்து, 'இந்தக் காலி டப்பா இவருடையது. இதில் நாளை வருவதும் இவருடையதாகவே இருக்கும் என்று நம்புகிறேன்' என்று ஒட்டுச்சீட்டில் எழுதினார். முத்திரை வைத்தார். கை பழகிய பழக்கம், கீழே 'நன்னடத்தை உள்ளது' என்றும் சேர்த்துவிட்டார்.

மறுநாள் காலை வீட்டில் நடந்ததை விரிவாகச் சொல்ல முடியாது. இருபது வருஷமாக நாலரைக்கு எழுகிற உடம்பு நாலரைக்கு விழித்துக்கொண்டது. எழுந்தால் முதல் சிறுநீர் நாலரை மணிக் கணக்கில் போய்விடும் என்று அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார். ஆறு மணிக்குப் புரண்டார். ஏழரைக்கு முழங்காலை மடக்கிக்கொண்டார். எட்டரைக்குப் பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்துவிட, பல்லைக் கடித்துக்கொண்டு, "அவங்களை மூடச் சொல்லு" என்று கத்தினார். மனைவி சுவரில் தட்டி, "கொஞ்சம் குழாயை மூடுங்கக்கா, இவருக்கு டெஸ்ட்டு" என்றாள். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு எழுந்தபோது அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு, ஒரு நொடி முன்பின் இல்லாமல், டப்பா கவுன்ட்டரில் இருந்தது. கவுன்ட்டர்க்காரர் ஒட்டுச்சீட்டைப் படித்தார். மறுபடி படித்தார். எழுந்து நின்றார். மூன்று முத்திரைகளையும் வரிசையாக வைத்தார்.

"இத்தனை வருஷத்துல விதிப்படி வந்த முதல் டப்பா இது" என்றார். டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுபோனார்.

முடிவு ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. இரண்டாம் வாரம் 'பரிசீலனையில்' என்றார்கள். ஐந்தாம் வாரம், 'மேலிடத்தின் கவனத்தில்' என்றார்கள். மேலிடம் கவனிக்கிற அளவுக்கு ஒரு சிறுநீரில் என்ன இருக்க முடியும்? இரவில் கால் விரல்களை அழுத்தி அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். பிள்ளைகளை ஏற்றும்போது எண்ணிக்கை தவறியது. ஒரு நாள் ஒரு தெருவையே விட்டுவிட்டு நேரே போய், பாதி வழியில் வண்டியைத் திருப்பினார்.

ஏழாம் வாரம் இயக்குநரே கூப்பிட்டு அனுப்பினார்.

இயக்குநரின் அறை நாலாம் மாடி முழுவதும் இருந்தது. சுவரில் ஒரு வரைபடம். இடது மேல்மூலையில் தொடங்கிய சிவப்புக் கோடு, வழுக்கிக்கொண்டே போய் வலது கீழ்மூலையில் தரையைத் தொட்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர். "நான் பொறுப்பு ஏத்துக்கிட்ட வருஷம் இந்தப் பிரிவுல ஆரம்பநிலைப் பாதிப்பு கண்டுபிடிச்சது நூத்திப் பத்து பேருக்கு. அடுத்த வருஷம் அறுபது. அப்புறம் இருபத்திரண்டு. போன வருஷம் பூஜ்யம்."

"அவ்வளவு பேருக்கும் நோய் குறைஞ்சிடுச்சா சார்?"

"நோயைப் பத்தி எனக்கென்னங்க தெரியும்? கண்டறிதல் குறைஞ்சிருக்கு. ஒரு பாதிப்பைக் கண்டுபிடிச்சா அது ஒரு எண்ணிக்கை. கண்டுபிடிக்கலைன்னா அது எண்ணிக்கையில வராது. எண்ணிக்கையில வராததுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?" இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "முன்னாடி இருந்தவர் பெரிய தப்புப் பண்ணிட்டுப் போனாரு. வர்றவங்களையெல்லாம் டெஸ்ட் பண்ணினாரு. டெஸ்ட் பண்ணினா இருக்கத்தான் செய்யும். இருக்குன்னா மருந்து கேப்பான், மறுபடி வருவான், நிக்க இடம் கேப்பான். நான்தான் விதிமுறைகளை வகுத்தேன்."

வேன்காரர் நாற்காலியின் நுனியில் இருந்தார். "சார், என் ரிசல்ட்டு?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம பிரிவோட ஆண்டு விழா. பாதிப்பு இல்லாதவர்னு மேடையில உங்களுக்குச் சான்றிதழ் தர்றோம்."

வேன்காரருக்கு மூச்சு வந்தது. "அப்ப டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையா சார்?"

"டெஸ்ட்டா?" இயக்குநர் புரியாமல் பார்த்தார். "அந்த டப்பாவைத் திறக்க யாருக்கு மனசு வரும்? கீழ வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம், நீங்க பாக்கலையா? விதிமுறை ஒண்ணு விடாம வந்த மாதிரி. வெளியூர் அதிகாரிங்க வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாங்க."

வேன்காரர் கீழே இறங்கிப் பார்த்தார். உண்மைதான். சிவப்புத் துணி விரித்து, சின்ன விளக்குப் போட்டு, நடுவில் அவருடைய டப்பா. தலைமை ஆசிரியையின் கையெழுத்து வெளிப்பக்கம் பார்த்திருந்தது. நன்னடத்தை உள்ளது.

அவர் வெளியே வந்தார். வேனில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் குத்தினார். ஹாரன் அலறியது. காவலாளி ஓடி வந்து, இது அமைதிப் பகுதி என்றான்.

வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் 'இரத்தம், சிறுநீர் பரிசோதனை' என்று கையால் எழுதிய பலகையைப் பார்த்தார். தினமும் காலையும் மாலையும் அந்த வழியாகத்தான் போகிறார். மரப்படி ஏறினால் ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு மெஷின், ஒரு குளிர்பதனப் பெட்டி, கையுறை போட்ட நடுத்தர வயதுப் பெண். வருகிறவர்கள் எல்லோரும் அவளை லேப் அக்கா என்றார்கள்.

"பிரஷர் ஆறு வருஷமா இருக்கு. கிட்னிக்கு..." என்று ஆரம்பித்தார். அடுத்து என்ன கேட்பாள் என்று பயந்து, "அறிகுறி எதுவும் இல்ல. ஆனா டோக்கன் இருக்கு" என்றார்.

"டோக்கனா? எதுக்கு?" லேப் அக்கா அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். "பிரஷர் இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துடணும். அவ்வளவுதான். பாத்ரூம் அந்தப் பக்கம்."

வேன்காரர் டப்பாவைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து வருஷம் அண்ணனிடம் யாரும் நீட்டாத டப்பா.

"இப்ப மணி பன்னெண்டு. முதல் சிறுநீர் இல்லையே?"

"காலையில முதல்ல பிடிச்சா நல்லதுதான். இப்பவும் பாக்கலாம். சந்தேகம் வந்தா காலையில ஒண்ணு கொண்டுவாங்க."

சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபோது முடிவு தயாராக இருந்தது. சிறுநீரிலுள்ள புரதத்தின் அளவை, அதிலேயே உள்ள கிரியாட்டினின் என்ற கழிவின் அளவால் வகுத்து வரும் கணக்கு. முப்பதுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு இருநூற்றுப் பத்து.

"ஒரு தடவை பாத்து முடிவு பண்ணக் கூடாது" என்றாள் லேப் அக்கா. "காய்ச்சல் இருந்தாலும், ரொம்ப வேலை செஞ்சிருந்தாலும் ஏறும். ரெண்டு வாரம் கழிச்சுக் காலையில முதல் சிறுநீர் கொண்டுவாங்க. எத்தனை மணிக்கு எந்திரிச்சாலும் அப்பவே பிடிங்க, குளிர்பெட்டியில வச்சிட்டு எட்டு மணிக்குக் குடுங்க. ஆனா ரெண்டாவதுக்குக் காத்திருக்காதீங்க, இந்தப் பேப்பரோட இப்பவே ஒரு டாக்டரைப் பாத்துடுங்க."

அண்ணனின் டயாலிசிஸ் அறையில் இருந்த டாக்டரம்மாவிடமே போனார். அவள் பேப்பரைப் படித்தாள், இரத்தமும் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். இரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

"இரத்தத்தை மட்டும் பாத்திருந்தா நல்லா இருக்கீங்கன்னு அனுப்பியிருப்போம்" என்றாள் டாக்டரம்மா. "ரெண்டாவது டெஸ்ட்டையும் மறக்காமப் பண்ணிடுங்க. ஆனா இதுதான் ஆரம்பம். கசிய மட்டும்தான் ஆரம்பிச்சிருக்கு. பிரஷர் மாத்திரையை மாத்தித் தர்றேன், இது கிட்னியையும் சேத்துக் காப்பாத்தும். உப்பைக் குறைங்க. முதுகு வலிக்கு மாத்திரை ஏதாவது போடுறீங்களா?"

"நாள் பூரா உக்காந்து ஓட்டுறேன்ல. தினமும் ரெண்டு."

"அதைத் தூக்கிப் போடுங்க, கிட்னிக்கு அது ஆகாது. இன்னையிலருந்து."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்த அண்ணன், குழாய் செருகாத கையை ஆட்டி என்ன என்று கேட்டார். வேன்காரர் உள்ளே போய்ப் பேப்பரைக் காட்டினார். அண்ணன் மெஷினில் சுற்றும் தன் இரத்தத்தையே பார்த்தார்.

"இருக்கா?"

"இருக்கு. ஆரம்பம்தானாம்."

"இன்னும் போகலல்ல?"

"போகல."

"அப்பச் சரி" என்றார் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு ஒரு கைதான் இருந்தது. "உங்க அண்ணிகிட்ட நானே சொல்றேன். நீ போய் வண்டியை எடு, பிள்ளைங்க நிக்கும்."

வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. வேன்காரர் போக மாட்டேன் என்றார். மனைவிதான் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "போங்க. சான்றிதழை வாங்குங்க. வாங்கிட்டு வாயைத் திறங்க. அங்க உக்காந்திருக்குறவங்களுக்கும் வீட்டுல பொண்டாட்டி பிள்ளைங்க இருக்குல்ல?"

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். எல்லோரும் பிரஷர்காரர்கள். விழாவுக்கு வந்தால் டோக்கன் தரப்படும் என்று அறிவித்திருந்ததால் வந்தவர்கள். இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார்.

"ஆரம்பநிலை என்பது மிக நுட்பமான நிலை" என்றார். "நாம் அவசரப்பட்டுக் கண்டறிந்தால் அது கலைந்துவிடும். எனவே பொறுமை வேண்டும். இந்தப் பிரிவில் கண்டறியப்படாமல் சென்ற ஒருவர்கூட இதுவரை திரும்பி வந்து புகார் சொன்னதில்லை. நேரே பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இந்த ஆண்டு நாற்பது கட்டில்கள் கூட்டியிருக்கிறார்கள். அந்த வளர்ச்சியிலும் நமக்குப் பங்கு உண்டு என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். வேன்காரரை மேடைக்கு அழைத்து, சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவருக்கு மைக் பழக்கமில்லை. பிள்ளைகளை வண்டியில் ஏறச் சொல்லும் குரல்தான் வந்தது.

"இந்தச் சான்றிதழ்ல எனக்குப் பாதிப்பு இல்லைன்னு போட்டிருக்கு. எனக்கு இருக்கு. இவங்க என் டப்பாவைத் திறக்கவே இல்ல. இங்கருந்து ரெண்டு தெரு தள்ளி, சைக்கிள் கடை மாடியில ஒரு அக்கா சாயங்காலத்துக்குள்ள பாத்துச் சொல்லிட்டாங்க. கால் வீங்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. எங்க அண்ணன் காத்திருந்தாரு."

இயக்குநர் மைக்கை நோக்கிக் கை நீட்டினார். அதற்குள் நாலாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "அந்த லேப் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

"ஏழு வரைக்கும்."

மண்டபத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முதலில் ஒருவர் இருவராக, பிறகு வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நடக்க முடியாத ஒன்பது பேரை வேன்காரர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். இயக்குநர் காலி நாற்காலிகளைப் பார்த்து நன்றியுரையை முழுவதும் படித்து முடித்தார். விழா அறிக்கையில், 'உரையைக் கேட்ட பொதுமக்கள் விழிப்புணர்வு மேலிட்டு உடனே கலைந்து சென்றனர்' என்று பதிவாயிற்று.

சைக்கிள் கடையின் மரப்படியிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. லேப் அக்கா டப்பா தீர்ந்துபோய், பாதிப் பேருக்கு நாளைக்கு வரச் சொன்னாள். வேன்காரர் ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, வரிசையின் கடைசியில், கோப்பு ஒன்றால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்தார். கோப்பு கொஞ்சம் இறங்கியது. கவுன்ட்டர்க்காரர்.

"சத்தம் போடாதீங்க" என்றார் அவர். "எனக்கு எட்டு வருஷமா பிரஷர்."

"உங்க பிரிவுலயே பாத்துக்கலாமே சார்?"

"அங்க எப்படிப் பாக்குறது? எனக்குத்தான் அறிகுறி எதுவும் இல்லையே."

வேன்காரருக்கு ஏழு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் அத்தனையும் நாக்கின் நுனிக்கு வந்தன. பக்கத்துக் கட்டடத்துக்குப் போகச் சொல்லலாமா என்று பார்த்தார். அதற்குள் கவுன்ட்டர்க்காரர் கோப்பைத் திறந்தார். கோப்புக்குள் என்ன என்று பார்த்தால், பிரிவிலிருந்தே எடுத்து வந்த ஒரு டப்பா, அதன் மேல் அவரே எழுதி ஒட்டிய சீட்டு, அதன் மேல் மூன்று முத்திரை.

"இதெல்லாம் வேணாம் சார்" என்றார் வேன்காரர். "இங்க பேரைச் சொன்னாப் போதும். முன்னாடி நகருங்க, வரிசை போகுது."

கவுன்ட்டர்க்காரருக்கு வந்த கணக்கு நூற்று நாற்பது. இரண்டாம் முறை பார்த்தபோதும் ஏறக்குறைய அதேதான். டாக்டரம்மா அவருக்கும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தாள்.

ஆரம்பப் பிரிவு நன்றாக நடக்கிறது. கவுன்ட்டரில் கூட்டம் அறவே நின்றுவிட்டதால், நோய் ஒழிந்துவிட்டதென்று முடிவுசெய்து, இயக்குநருக்கு ஐந்தாம் மாடி கட்ட அனுமதி வந்திருக்கிறது. கவுன்ட்டர்க்காரர் அதே இடத்தில், அதே நேரத்தில் உட்காருகிறார். தவறி வருகிற ஒருவர் இருவரிடம் விதிமுறைகளில் ஒன்றைக்கூட அவர் தளர்த்தியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்டும் அரை நாள் விடுப்பு எடுக்கிறார். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதுகிறார்.